இருங்க, பால் பொங்குது

வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன். என் தொண்டையிலிருந்து வெட்டியெடுத்த மிளகளவு சதையைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில், கடவுளிடம் சொல்வதற்கென்று இரண்டு ஜெபங்களை எழுதி முடித்துத் தயாராக வைத்திருந்தேன். புற்றுநோய் இல்லை என்று வந்தால் சொல்ல ஒன்று. புற்றுநோய்தான் என்று வந்தால் சொல்ல ஒன்று. எது வந்தாலும் வார்த்தைக்குத் தடுமாறி நிற்கக் கூடாது என்கிற முன்யோசனை. இரண்டையும் கைப்பேசியில் தனித்தனிக் குறிப்பாகச் சேமித்து, நான்கு முறை திருத்தினேன். இதில் கொடுமை என்னவென்றால், இரண்டாவதுதான் நன்றாக வந்திருந்தது. நன்றி சொல்லும் ஜெபம் தட்டையாக இருந்தது, வாழ்த்து மடல் போல. ஏற்றுக்கொள்ளும் ஜெபத்திலோ ஒரு கம்பீரம். கடைசி வரியை வாசித்தபோது எனக்கே கண் கலங்கியது. ஒரு கணம், ஒரே ஒரு கணம்தான், இவ்வளவு நல்ல எழுத்து பயன்படாமல் போய்விடுமோ என்று கவலைப்பட்டேன்.

இந்த நிலைக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. இருபது வருடப் பயிற்சி இருக்கிறது.

நான் தி. நகரில் ஒரு விளம்பர நிறுவனத்தில் புடவைக்கும் நகைக்கும் வாசகம் எழுதிப் பிழைப்பவன். சில சமயம் குரலும் கொடுப்பேன். முகம் சுமார், உயரம் சுமார், வாகனம் ஓட்டுவது சுமாருக்கும் கீழே. ஆனால் குரல் மட்டும் எங்கிருந்தோ வாய்த்திருந்தது. வெண்கலக் குடத்துக்குள் இருந்து பேசுவது போலிருக்கும். வாரத்தில் ஆறு நாள் அது பட்டுப்புடவைக்கு. ஏழாம் நாள் பரலோகத்துக்கு.

எங்கள் வட்டாரக் கத்தோலிக்கர்களுக்கான பங்குக் கோயில் மயிலாப்பூருக்கும் கடலுக்கும் இடையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பிரசங்கம் முடிந்ததும் ஒருவர் மைக்குக்கு முன்னால் போய், மக்களின் தேவைகளை ஒவ்வொன்றாகக் கடவுளிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றின் முடிவிலும் கூட்டம் ‘கேட்டருளும்’ என்று சேர்ந்து சொல்லும். இதற்கு மன்றாட்டு என்று பெயர். கோயில் வாசலில் இதற்காகவே ஒரு மரப்பெட்டி உண்டு. துண்டுச் சீட்டில் தேவையை எழுதி அதில் போடலாம். சனிக்கிழமை மாலை சீட்டுகள் என்னிடம் வரும். நான் அவற்றை மொழிபெயர்ப்பேன், தமிழிலிருந்து தமிழுக்கு.

‘ஹவுஸ் ஓனர் காலி பண்ணச் சொல்றாரு’ என்று ஒரு சீட்டு வந்தால், அது என் கையில் ‘உறைவிடத்தின் நிழலை இழந்து தவிப்போர்’ ஆகிவிடும். ‘மாமியார் ஒரு மாசமாச்சும் சின்ன மகன் வீட்டுக்குப் போகணும்’ என்பது ‘இல்லங்களில் சமாதானம் தென்றலெனத் தவழ’ ஆகும். ஜனங்களுக்கும் பிடித்திருந்தது. பங்குத்தந்தைக்கும் பிடித்திருந்தது. கடவுளின் கருத்தை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

எங்கள் தெருமுனையில், மந்தைவெளியில், பூவரச மரத்தடியில் ஓர் அம்மாள் வாரத்தில் நாலு நாள் மீன் விற்க உட்காருவார். கடற்கரைக் குப்பத்துக்காரர், எங்கள் பங்குதான். சீட்டெல்லாம் எழுத மாட்டார். ஒருநாள் வழியில் என்னை மடக்கி, “எங்க மருமவளுக்கு ஏயாம் மாசம் சார். ரத்தம் கம்மியா கீதாம். மைக்ல சொல்லி வேண்டிக்கோ” என்றார். அந்த ஞாயிறு நான், ‘தாய்மையின் தலைவாசலில் நிற்கும் பெண்கள் அனைவரும் உடல் நலமும் உள்ள உரமும் பெற்று’ என்று முழங்கினேன். பூசை முடிந்ததும் மீன்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“ஸோக்கா படிச்ச சார். யார் பெத்த பொண்ணுங்களோ பாவம்னு நானே அய்துட்டேன்.”

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன் என்றால் என் மதிநுட்பத்தைப் புரிந்துகொள்வீர்கள்.

அது நடந்த சில நாட்களிலேயே, சென்ற வருடம் மழைக்காலம் தொடங்குமுன், வெண்கலக் குடத்தில் விரிசல் விழுந்தது. மன்றாட்டின் நடுவில் குரல் தகர மூடியைத் திறப்பது போலக் கீச்சிட்டது. மறுவாரமும் அப்படியே. மூன்றாம் வாரம் பாதி வார்த்தைகள் காற்றாகப் போயின. என் மனைவி கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவள். சாக்குப்போக்குச் சொல்பவர்களைக் காதைப் பிடித்து இழுத்துப் போய்ப் பழகியவள். ஆழ்வார்பேட்டையில் ஒரு தொண்டை மருத்துவரிடம் இழுத்துப் போனாள்.

அவர் மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டார். எதிரே திரையில் என் குரலை முதன்முறையாகக் கண்ணால் பார்த்தேன். இரண்டு வெள்ளை மடிப்புகள், சிறிய ஜன்னலின் திரைச்சீலைகளைப் போல. இடப்பக்க மடிப்பின் ஓரத்தில் மிளகு மாதிரி ஒரு புடைப்பு. இருபது வருடம் கோயில் முழுக்கக் கேட்டது இந்த இரண்டு துணுக்குகள்தானா என்று இருந்தது. கட்டை விரல் நகத்துக்குள் அடங்கிவிடும்.

“எடுத்துரலாம். எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிரலாம்” என்றார் மருத்துவர்.

“கேன்சரா இருக்குமா டாக்டர்?” என்று நான் கேட்கப் பயந்ததை மனைவி கேட்டாள்.

“டெஸ்ட் வரட்டும்மா. இப்பவே எதுக்கு?”

அந்த ‘இப்பவே எதுக்கு’ எங்களோடு ஆட்டோவில் ஏறி வீடு வரைக்கும் வந்தது.

மிளகை எடுத்தார்கள். முடிவு வரப் பத்து நாள் ஆகும். அதுவரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, கிசுகிசுப்பு தொண்டையை இன்னும் வதைக்குமாம். மனைவியின் சங்கிலியில் சிலுவையைப் பார்த்துவிட்டு மருத்துவர், “உதட்ட அசைச்சு ஜெபம் பண்ற பழக்கம் இருந்தா அதையும் நிறுத்திக்கோங்க” என்றார்.

“பத்து நாளும் பேசவே கூடாதா டாக்டர்?” என்றாள் மனைவி. அவள் குரலில் துக்கம் இருந்தது. துக்கம் மட்டும்தான் இருந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

பள்ளியிலிருந்து எனக்கு ஒரு சிலேட்டும் பல்பமும் கொண்டுவந்து கொடுத்தாள். ஐம்பத்து மூன்று வயதில் கழுத்தில் சிலேட்டை மாட்டிக்கொண்டு நின்றேன்.

முதல் நாளே ஒரு விபத்து. மேல்மாடியில் இருக்கும் மாமா, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், படிக்கட்டில் எதிர்ப்பட்டு ஏதோ கேட்டார். நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“மௌனவிரதமா! பேஷ். எத்தனை நாள்?”

பத்து விரல்களைக் காட்டினேன்.

“பத்து நாளா! எங்காத்துல பத்து நிமிஷம் ஒருத்தரால வாய மூடிண்டு இருக்க முடியாது. உங்க மதத்துலயும் இதெல்லாம் உண்டா?”

உண்மையைச் சிலேட்டில் எழுத இரண்டு பக்கம் வேண்டும். தலையை ஆட்டிவிட்டேன். அன்றிலிருந்து மாமா என்னைக் கண்டால் செருப்பை ஓரமாக விட்டுவிட்டுக் கைகூப்பினார். மாமியும் கூப்பினார். புற்றுநோய் பயத்தில் நிற்கும் ஒருவனை ரிஷி என்று நினைத்துக் கும்பிடும் அடுக்ககத்தில், ரிஷியாகவே படியிறங்கிப் போனேன். அந்த இரண்டு ஜெபங்களை எழுதியதும் இந்த நாட்களில்தான். வாயை மூடியதும் கை திறந்துகொண்டது.

மூன்றாம் நாள் காலை மனைவி என்னைச் சங்கரா மீன் வாங்க அனுப்பினாள். சிலேட்டில் ‘சங்கரா, ஒரு கிலோ, நடுத்தரம்’ என்று எழுதி மீன்காரம்மாவிடம் நீட்டினேன்.

“நான் இன்னா காலேஜா சார் போய்க்கினு கீறேன்? கைய காட்டு.”

கையைக் காட்டினேன். நிறுத்துப் போட்டுவிட்டுச் செதில் சீவ ஆரம்பித்தார். வழக்கமாக அந்தப் பத்து நிமிடமும் நான்தான் பேசிக்கொண்டிருப்பேன்: வெயில், அரசியல், என் அபிப்பிராயங்கள். அன்று பேச முடியாததால் வாழ்க்கையில் முதன்முறையாக அந்த இடத்தில் சும்மா நின்றேன். அதனால் காது கேட்டது.

அவர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

“பாத்தியா? சொன்னேனா இல்லியா, ஐஸு பத்தாதுன்னு? பாத்துக்கலாம் பாத்துக்கலாம்னு நீதான் இருந்த. இப்ப மீனு கண்ணு உள்ள போயிக்கினு கீது. இத்த எவன் வாங்குவான்? நீ வாங்குவியா?”

யாரோ சொந்தக்காரரோடு போனில் சண்டை என்று நினைத்தேன். புடவைக்குள் ஒயர் எங்கே என்று தேடினேன். ஒரு காதில் தோடு இருந்தது. தோடு தொலைந்துபோன மற்றதில் துடைப்பக் குச்சி இருந்தது. போன் கூடைக்குப் பக்கத்தில் அணைந்து கிடந்தது.

“கால் வேற ராவெல்லாம் கொடச்சல். ஒன்னியத்தான் சொல்றேன், சிரிக்காத.” மீனைத் திருப்பிப் போட்டார். அப்புறம், பேச்சின் தொனியை மாற்றாமலே, கத்தியால் என்னைச் சுட்டிக்காட்டினார்.

“ந்தா, சார் வந்துகீறாரு. மன்றாட்டு படிப்பாரே, அவுருதான். ஒனக்குத்தான் தெரியுமே. தொண்டைல இன்னாத்தையோ வெட்டி எட்த்துட்டாங்களாம், மேடம் சொல்லிச்சு. கான்சரா இருக்குமோன்னு பயந்துபோயி நிக்கிறாரு ஆண்டவரே. மூஞ்சியப் பாரேன் நீ.”

கத்தி நின்றது.

பூவரச மரத்தடியில் நாங்கள் இரண்டு பேர்தான். ஓரத்தில் ஒரு பூனை. மீன்காரம்மா தலையைக் கொஞ்சம் சாய்த்து, மறுபக்கத்தில் இருப்பவர் பேசி முடிக்கட்டும் என்று நாம் காத்திருப்போமே, அப்படிக் காத்திருந்தார். ஒரு ஆட்டோ போய் மறையும் நேரம் இருக்கும். பிறகு, “சரி” என்றார். கத்தி மறுபடி நகர்ந்தது.

பக்தியில் சிலிர்ப்பதெல்லாம் எனக்கு வழக்கமில்லை. சிலிர்ப்பைப் பற்றி எழுதுவது வழக்கம். அன்று முழங்கையிலிருந்து தோள் வரை மயிர் குத்திட்டது. ‘மூஞ்சியப் பாரேன் நீ’ என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் திரும்பி என் முகத்தைப் பார்த்துவிட்டார் என்று அந்தச் செதில் வாடைக்கு நடுவில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் சிலேட்டால் மறைத்துக்கொண்டேன். சிலேட்டில் ‘நடுத்தரம்’ என்று எழுதியிருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது கணக்குப் பார்த்தேன். இருபது வருட மன்றாட்டில் ஒருநாள்கூட நான் அந்த அம்மாளைப் போல இடைவெளி விட்டதில்லை. ‘கேட்டருளும்’ என்று கூட்டம் சொல்லி முடிக்குமுன் அடுத்த வரிக்கு மூச்செடுத்துக்கொள்வேன். எதிரே ஒருவர் இருக்கிறார், அவரும் ஏதாவது சொல்லக்கூடும் என்பது என் திட்டத்திலேயே இல்லை. இன்னொன்றும் உறைத்தது. நான் பயந்திருக்கிறேன் என்பதைக் கடவுளிடம் அந்த அம்மாள்தான் சொல்லியிருக்கிறார். நான் சொல்லவில்லை. என் இரண்டு ஜெபங்களிலும் ‘பயம்’ என்ற சொல்லே கிடையாது.

சரி, நாமும் அப்படிப் பேசிப் பார்ப்போம் என்று இறங்கினேன். அதற்கும் ஒரு நாற்காலியைப் பால்கனியில் தகுந்த கோணத்தில் போட்டுக்கொண்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். முதல் அடியிலேயே சறுக்கல். கடவுளை எப்படிக் கூப்பிடுவது? கோயிலில் ‘நீர்’ என்போம். ‘நீர்’ என்று நான் வேறு யாரையும் அழைத்ததில்லை. நாடகத்தில் மந்திரி வேஷம் கட்டியபோது ராஜாவை அழைத்ததோடு சரி. மீன்காரம்மா மாதிரி ‘நீ’ என்று சொல்ல வாய் வரவில்லை, வாய்க்கு வேலையே இல்லாத நாளில்கூட. என் அப்பாவை நான் ஒருநாளும் நீ என்றதில்லை. கடைசியில் அப்பாவை அழைத்த ‘நீங்க’ளுக்கு வந்து சேர்ந்தேன். இந்த ஆராய்ச்சியில் அரை மணி நேரம் போயிற்று. அவர் நடுவில் எழுந்து போயிருந்தால் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

மனதுக்குள் வரவில்லை என்றால் எழுதிப் பார்ப்போம் என்று சிலேட்டில் ‘பயமாக இருக்கிறது’ என்று எழுதினேன். பார்த்தேன். மொட்டையாக இருந்தது. அழித்துவிட்டு, ‘அச்சத்தின் நிழல் என்மேல் கவிகிறது’ என்று எழுதினேன். பின்னால் வந்து நின்ற மனைவி வாசித்தாள்.

“இது யாருக்குங்க? டாக்டருக்கா?”

துடைத்துவிட்டேன்.

ஆறாம் நாள் காலை. மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். காபிக்குப் பால் காய்ச்சுவது என் பொறுப்பு. அடுப்பில் பாத்திரம், நான் பக்கத்தில். பால் காய்ச்சும்போது மனிதனால் வேறு ஒன்றும் செய்ய முடியாது. நாற்காலி போட முடியாது, கோணம் பார்க்க முடியாது. பாலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது நான் நினைக்காமலே உள்ளே பேச்சு தொடங்கியிருந்தது. எப்போது தொடங்கியது என்றே தெரியவில்லை.

‘பயமா இருக்குங்க. குரல் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. அதைவிடப் பெருசா ஏதாவது வந்துட்டா? அவ குளிக்கப் போறேன்னு போயி குழாயைத் திறந்து விட்டுட்டு அழறா. எனக்குக் கேக்காதுன்னு நினைச்சிட்டிருக்கா. இப்பகூட அதான் நடக்குது. தண்ணி போயிட்டே இருக்கு பாருங்க. நான் என்ன சொல்லித் தேத்தறது? சிலேட்டுல எழுதியா? நீங்க கொஞ்சம் அவகிட்ட... இருங்க, பால் பொங்குது.’

அடுப்பை அணைத்தேன். கொஞ்சம் வழிந்துவிட்டது. துணியை எடுத்து மேடையைத் துடைத்தேன், துணியை அலசினேன், பிழிந்து கம்பியில் போட்டேன். அப்போதுதான் நான் என்ன சொன்னேன், யாரிடம் சொன்னேன் என்பது தலையில் ஏறியது.

வானத்தையும் பூமியையும் படைத்தவரைப் பார்த்து, கொஞ்சம் இருங்க என்று சொல்லியிருக்கிறேன். அரை லிட்டர் பாலுக்காக.

திரும்பினேன். திரும்பினேன் என்றால் உடம்பால் அல்ல, உள்ளே. இருந்தார்.

இதற்குமேல் எழுதத் தெரியவில்லை, இத்தனைக்கும் எழுதுவதுதான் தொழில். பட்டுப்புடவையின் ஜரிகையைப் பற்றி மூன்று பக்கம் எழுதக்கூடியவன் நான். ஒளி எதுவும் வரவில்லை. குரல் எதுவும் வரவில்லை. ஜன்னல் கம்பியில் ஒரு காகம் இருந்தது. மேல்மாடியில் மாமியின் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. எல்லாம் ஒரு நிமிடத்துக்கு முன்னால் இருந்த மாதிரியேதான் இருந்தன. ஆனால் நான் விட்டுவிட்டுப் போன பேச்சு விட்ட இடத்திலேயே எனக்காகக் காத்திருந்தது. வேறொருவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். அவசரம் இல்லை. கோபம் இல்லை. என் சமையலறையில், பால் பாத்திரத்துக்கு அடுத்த இடத்தில், அண்ட சராசரம் வரிசையில் நின்றது.

மேடையைப் பிடித்துக்கொண்டேன். முழங்காலில் விழ வேண்டும் போலிருந்தது. விழுந்தால் பேச்சு மறுபடி ஜெபமாகிவிடுமோ என்று பயந்து நின்றபடியே, ‘என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், அவளைப் பத்தி’ என்று தொடர்ந்தேன்.

அன்று காபி ஆறிப்போயிருந்தது. மனைவி சிவந்த கண்ணோடு வந்து குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். நான் சிலேட்டை எடுக்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். குழாய்ச் சத்தம் கேட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டே அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மீதி நான்கு நாளும் பேசிக்கொண்டே திரிந்தேன். மேற்கு மாம்பலத்தில் தைக்கக் கொடுத்த சட்டையை வாங்கப் போனபோது, ரயிலிலிருந்து இறங்கிய கூட்டம் சந்து முழுக்க அடைத்துக்கொண்டு வர, ‘இவ்வளவு பேரையும் தனித்தனியாத் தெரியுமா உங்களுக்கு?’ என்று கேட்டேன். கேட்ட பிறகு சுவரோரமாக ஒதுங்கி, பையோடும் கேரியரோடும் போகிற முகங்களை நிறைய நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். தெரியும் என்றால் அது எப்பேர்ப்பட்ட விஷயம்! என்னை இடித்துக்கொண்டு போன ஒருவர், “வழில நின்னு கனவு காணாதீங்க சார்” என்றார்.

பதில் வந்ததா என்று கேட்பீர்கள். காதில் விழும்படி எதுவும் வரவில்லை. ஆனால் கேட்பவர் இருக்கும் இடத்தில் பேசுவதற்கும் இல்லாத இடத்தில் பேசுவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு விளம்பர எழுத்தாளனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இரண்டாவதுதான் எங்கள் பிழைப்பு.

பத்தாம் நாள் ஆழ்வார்பேட்டை. மருத்துவரின் அறையில் எங்கள் பக்கம் மூன்று நாற்காலிகள். நடுவில் நான், வலப்பக்கம் மனைவி, இடப்பக்கம் காலி. மருத்துவர் உறையைப் பிரித்தார். கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி நெற்றியில் இருந்தது. அதைச் சொல்லலாம் என்றால் எனக்கு வாய் கிடையாது. மனைவி என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் ரத்தம் ஓடுவது நின்றிருந்தது. கைப்பேசியில் தயாராக இருந்த இரண்டு ஜெபங்களின் நினைவு கடுகளவும் வரவில்லை. ‘கூடவே இருங்க, கூடவே இருங்க’ என்பதைத் தவிர உள்ளே வேறு சொல்லே இல்லை.

“ஒண்ணுமில்ல” என்றார் மருத்துவர். “சாதாரண முடிச்சுதான். கேன்சர் இல்ல. எங்கே, மெதுவா ஒரு வார்த்தை பேசுங்க பாப்போம்.”

பத்து நாள் கழித்து என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. இடப்பக்கம் திரும்பி, காலி நாற்காலியைப் பார்த்து, எண்ணெய் காணாத கிணற்று உருளை மாதிரியான குரலில், “கேட்டீங்களா?” என்றேன்.

வலப்பக்கத்திலிருந்து மனைவி, “கேட்டேன், கேட்டேன்” என்று அழுதாள். ஆட்டோவில் திரும்பும்போதுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. “அது என்ன, கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல இல்லாத மரியாதை, கேட்டீங்களான்னு?”

சொன்னேன், கரகரவென்று, பால் பொங்கியதிலிருந்து தொடங்கி. அவள் வெளியே பார்த்தபடி, “அன்னிக்குக் குழாயடியில நானும் அவர்கிட்டதான் கத்திக்கிட்டிருந்தேன்” என்றாள். ஒரே நேரத்தில், ஒரே வீட்டில், ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

பழைய கணீர் இனி வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வரவில்லை. அலுவலகத்தில் குரல் வேலை வேறொருவருக்குப் போயிற்று. முதல் ஜெபத்தைக் கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டேன். இரண்டாவதை இன்னும் அழிக்கவில்லை. நல்ல எழுத்து.

ஒன்றரை மாதம் கழித்து, பங்குத்தந்தை மறுபடி மன்றாட்டுக்கு அழைத்தார். சீட்டுகளை வாங்கிப் படித்துக்கொண்டேன். எழுதவில்லை. வெறுங்கையோடு மைக்குக்கு முன்னால் போய் நின்றேன். இருபது வருடத்தில் அந்த இடத்தில் கைகள் இவ்வளவு நீளமாக இருந்ததில்லை.

“ஆண்டவரே,” என்றேன் கரகரப்பாக, “போன மாசம் எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு. கூடவே இருந்தீங்க. இங்க ஒரு குடும்பத்த ஹவுஸ் ஓனர் காலி பண்ணச் சொல்லியிருக்கார். ரெண்டு பிள்ளைங்க, பரீட்சை நேரம். எங்க போவாங்க? நம்ம மீன்காரம்மாவோட மருமகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கு. எடை கம்மிதான். பாத்துக்கோங்க. இங்க இருக்கறவங்கள்ல நிறையப் பேருக்குச் சொல்லத் தெரியாம ஏதேதோ இருக்கு. நீங்க முகத்தப் பாத்தாலே போதும்.”

நிறுத்தினேன். மீன்காரம்மா நிறுத்திய மாதிரி.

எந்த இடத்தில் ‘கேட்டருளும்’ சொல்வதென்று கூட்டத்துக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லவில்லை. மின்விசிறிகள் சுற்றின. ஒரு குழந்தை ஏதோ கேட்க வாயெடுத்து, தானே அடங்கியது. பக்கத்துச் சாலையில் வண்டிகள் எப்படியோ ஒரு கணம் இல்லாமல்போக, கடலின் இரைச்சல் உள்ளே வந்தது. இத்தனை வருடம் அந்தக் கோயிலில் அது எனக்குக் கேட்டதில்லை. என் குரல் குறுக்கே நின்றிருக்கிறது. யாரோ ஒரு பெரியவர் மட்டும் மெல்ல விசும்பினார். ஒவ்வொரு வரிசையாக, ஒவ்வொரு முகமாக, யாரோ பார்த்துக்கொண்டே போகிறார் என்று இருந்தது. நகர எனக்குத் தைரியம் வரவில்லை. கடைசியில் பங்குத்தந்தைதான் தொண்டையைச் செருமிக்கொண்டு தாமே ‘கேட்டருளும்’ என்றார்.

பூசை முடிந்து வெளியே பாதாம் மரத்தடியில் நின்றேன். கொஞ்சம் காத்துத்தான் நின்றேன், மறைப்பானேன். மீன்காரம்மா பேரக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“இன்னா சார், எய்திக்கினு வர டயம் இல்லியா?”

என் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டேன்.

“இல்ல, வாரத்துக்கு ஒருநாள் குளிச்சிட்டு நல்ல புடவ கட்டிக்கினு வரோம். ஆண்டவரும் பாவம், நல்ல தமிளா நாலு வார்த்த அன்னிக்குத்தான் கேக்குறாரு. இந்தப் பேச்சத்தான் தெனம் மீனு கயுவறப்ப நான் பேசிக்கினு கீறனே.” குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். “இதுக்கு இன்னாத்துக்கு சார் மைக்கு?”